நவம்பர் வந்தா போன் எடுக்காத புள்ளைங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வெளிநாட்டு வேலை விளம்பரம் வர்ற பக்கத்தத்தான் எங்க தோட்டப்பக்கம் புள்ளைங்க முதல்ல விரிச்சு பாக்குதுங்க. 2025 வரைக்கும் இங்கிலாந்துல கெயார் ஹோம், இப்பவும் ருமேனியாவுல ஃபெக்டரி, கனடாவுல படிப்புனு எழுதியிருக்கும், பக்கத்துல பனி கொட்டுற மாதிரி அழகா ஒரு படமும் இருக்கும். அந்த பனிக்கு பின்னால மாசக்கணக்குல ஒரு இருட்டு இருக்கு, அந்த இருட்டுல வர்ற ஒரு மனச்சோர்வு வருத்தமும் இருக்கு, அத பத்தி போறவங்களுக்கு யாரும் சொல்லி அனுப்புறதில்ல, நாங்க எங்க வீட்ல பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். மகள்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், "எழுதுங்கம்மா, ஆனா பேர் மட்டும் போடாதீங்க"னு சொன்னா, அதனால பேர் இல்லாம போடும்படி கேட்டுக்கிறேன்.

நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல, வேலைக்கு போற அம்மாமாரோட சின்னப்புள்ளைங்கள பாத்துக்குற பிள்ளைக்காம்பராவுல வேல செஞ்சு ஓய்வெடுத்தவ. வீட்டுக்காரர் ஸ்டோர்ல, அதாவது தேயிலை ஃபெக்டரியில இருந்தாரு. மகள் 2022 ஆகஸ்ட்ல இங்கிலாந்துக்கு கெயார் வேலைக்கு போனா, அங்க வடக்கு பக்கத்துல ஒரு டவுன். போன புதுசுல தெனமும் வீடியோ கோல்தான், பஸ்ஸ காட்டுவா, கடைய காட்டுவா, அவ பாத்துக்குற வயசான அம்மாமார பத்தி கத கதயா சொல்லுவா, ராத்திரி எங்களுக்கு கண்ண கட்டிக்கிட்டு வந்தாலும் விடமாட்டா. நவம்பர் நடுவுல இருந்து கோல் கொறஞ்சிச்சு. எடுத்தாலும் கெமராவ போடுறதில்ல. லீவு நாள்ல அங்க பகல் ரெண்டு மணிக்கு எடுத்தா அப்பதான் படுக்கையில இருந்து பேசுற குரல். "என்னடி சாப்பிட்ட"னு கேட்டா பாணு, சிப்ஸ், பிஸ்கட், திரும்ப பாணு. மூணு மாசத்துல முகம் ஊதிப்போச்சு. "அம்மா கை கால்ல அரிசி மூட்டைய கட்டிவிட்ட மாதிரி இருக்கு, கட்டில்ல இருந்து பாத்ரூம் போறதுக்கே அர மணித்தியாலம் யோசிக்கிறேன்"னு ஒருநாள் சொன்னா. எட்டாம் வகுப்பு படிக்கிறப்ப காலையில நாலு மணிக்கு எழும்பி தண்ணி பிடிச்சு வச்சுட்டு ரெண்டு கட்ட நடந்து ஸ்கூலுக்கு போன புள்ள அது.

நாங்க என்னென்னவோ நினைச்சோம். யாரையோ விரும்பி அது சரிவரல போலனு நினைச்சேன். வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க, மறைக்கிறானு அவங்க அப்பா நினைச்சாரு. கண்ணூறுனு சொல்லி அம்மன் கோயில்ல எலுமிச்சம்பழம் வச்சு கும்பிட்டு வந்தேன். அவ மாமா "வெளிநாடு போனா இப்படித்தான், நம்மள மறந்துருவாங்க"னு சொன்னத கேட்டு ரெண்டு நாள் நான் சோறு திங்கல. டொக்டர்கிட்ட போனியானு கேட்டதுக்கு, போனேன், இரத்தம் எடுத்து பாத்தாங்க, எல்லாம் நோர்மல், ரெஸ்ட் எடுக்க சொன்னாங்கனு சொன்னா. ஏற்கனவே நாள் முழுக்க தூங்குற புள்ளைக்கு ரெஸ்ட் எடுக்க சொன்னா அவ என்ன செய்வா.

பிறகு ஏப்ரல் வந்துச்சு, சித்திரைப் புதுவருசத்துக்கு கோல் எடுத்தா, கெமரா போட்டு, புதுச்சட்ட போட்டு, பின்னால மரமெல்லாம் வெள்ளையும் ரோஸுமா பூத்து இருக்கு, பழைய புள்ள திரும்ப வந்துட்டா. "பாத்தியா தானா சரியாகிருச்சு"னு எல்லாரும் சொன்னோம், நானும் சொன்னேன், அம்மனுக்கு பொங்கலும் வச்சேன். இந்த வருத்தத்துல பெரிய பொறியே இதுதான் ஐயா. தானா போயிருது. போறதால யாரும் வைத்தியம் பாக்குறதில்ல, பாக்காததால அடுத்த வருசம் அதே மாசத்துல வந்து கதவ தட்டுது.

அப்படித்தான் 2023 நவம்பரும். இந்த தடவ இன்னும் மோசம். நாலு நாள் வேலைக்கு போகல, கூட தங்கியிருக்குற பொண்ணு எங்களுக்கு மெசேஜ் போட்டுச்சு, அக்கா ரூம விட்டு வெளிய வாறதில்லனு. கிறிஸ்மஸ் ராத்திரி கதைக்கிறப்ப "நான் எதுக்கும் ஒதவாதவம்மா, நான் இல்லனா உங்களுக்கு ஒரு பாரம் கொறயும்"னு சொன்னா, அந்த வார்த்தைய எழுதுறப்ப இப்பவும் கை நடுங்குது.

2024 ஜனவரி முதல் கிழம, செவத்துல இருந்த பழைய கலண்டர கழட்டிட்டு புதுச மாட்டுனேன். நான் கலண்டர தூக்கி எறியமாட்டேன், சீட்டுக்காசு கட்டுன திகதி, கேஸ் மாத்துன திகதி, மகள் காசு போட்ட திகதி எல்லாம் அதுல பேனையால எழுதி வைப்பேன், பழசெல்லாம் அலுமாரிக்கு பின்னால நிக்கும். சீட்டு கணக்கு ஒன்னு பாக்க 2022 கலண்டரயும் எடுத்து 2023 பக்கத்துல வச்சேன். 2022 நவம்பர் 19, "பாப்பா போன் இல்ல". 26, "பாப்பா தூக்கம்". டிசம்பர்ல நாலு எடத்துல "போன் இல்ல". 2023ஐ பாத்தா நவம்பர் 17, "பாப்பா போன் இல்ல". டிசம்பர்ல ஆறு எடம். நடுவுல மே, ஜூன், ஜூலையில ஒரு எழுத்து கூட இல்ல, தெனமும் கதைச்சதால எழுத தேவையே இருக்கல. அந்த குசினி பல்பு வெளிச்சத்துல ரெண்டு கலண்டரயும் கையில வச்சுக்கிட்டு நின்னப்பதான் எனக்கு வெளங்குச்சு, இது காதலும் இல்ல கண்ணூறும் இல்ல, இது மாசம் பாத்து வர்ற ஒன்னு.

ரெண்டையும் போட்டோ எடுத்து வட்ஸ்அப்ல அனுப்பி, "இத டொக்டர்கிட்ட காட்டு"னு சொன்னேன். இந்த தடவ பாத்தது வேற டொக்டர். அந்த போட்டோவ பெருசாக்கி பாத்துட்டு ஒவ்வொரு மாசமா கேட்டாராம், எத்தன மணித்தியாலம் தூங்குறீங்க, மாப்பண்டம் இனிப்பு மேல ஆச கூடுதா, வெயில் காலத்துல எப்படி இருந்தீங்க, செத்துப்போகணும்னு நெனப்பு வருதானு நேராவே கேட்டாராம். அப்பதான் பேர் சொன்னாரு, சீசனல் எஃபெக்டிவ் டிஸோர்டர், சுருக்கி சேட்னு சொல்லுவாங்க. நம்ம பாஷையில பருவகால மனச்சோர்வு. சும்மா வர்ற சோம்பல் இல்ல, நெசமான டிப்ரஷன்தான், ஆனா பருவத்தோட வந்து பருவத்தோட போறது. ரெண்டு வருசம் தொடர்ந்து ஒரே பருவத்துல வந்து மத்த பருவத்துல முழுசா விலகிப்போனா அத இந்த கணக்குல சேக்குறாங்களாம். எங்க கலண்டர் அந்த ரெண்டு வருசத்த அவருக்கு காட்டிருச்சு.

அதுக்கு பிறகு மகள் படிச்சு படிச்சு எனக்கு சொன்னதையும் நான் கேட்டு எழுதி வச்சதையும் இங்க சொல்றேன், ஏன்னா வெளிநாட்டுல புள்ளைங்க இருக்குற அம்மா அப்பாமாருக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

இந்த வருத்தத்துக்கு பேர் வச்சு ஒலகத்துக்கு சொன்னது நோர்மன் ரோசந்தால்னு ஒரு மனநல டொக்டர், 1984ல. அவரும் அவர் கூட இருந்தவங்களும் 29 நோயாளிகள வச்சு எழுதுனாங்க. மகள் இத சொன்னப்ப என் மனசுல பட்டது, அவர் பொறந்து வளந்தது தென்னாபிரிக்கா, வெயில் நாடு. 1976ல அமெரிக்காவுக்கு போன பிறகு அங்கத்த குளிர்காலத்துல அவருக்கே சோர்வு வந்து, வசந்தத்துல போயிருச்சாம். நம்ம புள்ளைங்க மாதிரியே வெயில்ல வளந்து இருட்டுக்கு போனவரு. அவ்வளவு பெரிய டொக்டருக்கே வந்திருக்குனா எங்க புள்ளைக்கு வந்ததுல என்ன வெக்கம் இருக்கு.

காரணம் வெளிச்சம். காலையில கண்ணுல படுற வெளிச்சம்தான் ஒடம்புக்குள்ள ஓடுற மணிக்கூட்ட சரிப்படுத்துது, ராத்திரி மெலடோனின்னு ஒன்னு சுரந்து தூக்கத்த குடுக்குது. அங்க டிசம்பர்ல காலையில எட்டு மணி தாண்டித்தான் விடியுது, பின்னேரம் நாலு மணிக்குள்ள இருட்டிருது. நம்ம நாடு பூமத்திய ரேகைக்கு கிட்ட இருக்குறதால இங்க வருசத்துல பெரிய பகலுக்கும் சின்ன பகலுக்கும் ஒரு மணித்தியாலம் கூட வித்தியாசம் இல்ல. அப்படி ஒரே சீரான பகல்ல வளந்த புள்ள ஏழர மணித்தியால பகலுக்குள்ள போய் விழுந்தா, அதுலயும் ராத்திரி ஷிப்ட் செஞ்சுட்டு பகல்ல தூங்குனா, சூரியன பாக்காமலே கிழமக்கணக்கு போயிரும். ஒடம்பு மணிக்கூடு பின்னுக்கு போயிருதுனு ஒரு விளக்கம், மூளையில மனநிலையோட சம்பந்தப்பட்ட செரடோனின்ங்குற இரசாயனத்தோட கணக்கு மாறுதுனு இன்னொன்னு, ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு. பூமத்திய ரேகைய விட்டு தூர தூர போக இது கூடுது, ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு கூட, இளம் வயசுலதான் பெரும்பாலும் ஆரம்பிக்குது. நம்ம பக்கத்துல இருந்து போறது யாருனு யோசிச்சு பாருங்க.

எப்படி கண்டுபிடிக்கிறது? சாதாரண மனச்சோர்வுல நெறைய பேருக்கு தூக்கம் வராது, சாப்பாடு எறங்காது, ஒடம்பு மெலியும். குளிர்கால சேட்ல அதுக்கு நேர் எதிரா வரும், தூங்கி தூங்கி விழுவாங்க, எழும்பினாலும் களைப்பு போகாது, சோறு பாணு இனிப்புனு மனசு அலையும், எட கூடும், ஆள்கள விட்டு விலகுவாங்க. நாங்க அதனாலதான் ஏமாந்து போனோம், "நல்லா சாப்பிடுறா, நல்லா தூங்குறா, அப்ப என்ன வருத்தம்"னு நினைச்சோம். சில பேருக்கு இது வெயில் காலத்துல வரும், அதுல தூக்கம் கெட்டு, சாப்பாடு கொறஞ்சு, எரிச்சலும் படபடப்புமா இருக்கும், அது கொறைவுதான். குளிருக்கு கொஞ்சம் சோம்பலா போர்த்திக்கிட்டு படுக்கிறது எல்லாருக்கும் வர்றது, அதுக்கு பயப்பட வேணாம். ஆனா ரெண்டு கிழமைக்கு மேல தெனமும் மனசு இருண்டு, வேலைக்கு போக ஏலாம, பிடிச்ச பாட்டு கூட பிடிக்காம போச்சுனா டொக்டர்கிட்ட போறதுதான் சரி. முதல்ல இரத்தம் பாக்கணும், தைரொய்ட் கொறஞ்சாலும் இரத்தச்சோகை இருந்தாலும் இதே களைப்புதான் வரும், அதனால அந்த முதல் டொக்டர் இரத்தம் பாத்தது பிழையில்ல, நோர்மல்னு வந்த பிறகு அதோட நிப்பாட்டி வீட்டுக்கு அனுப்புனதுதான் பிழை.

வைத்தியத்துல முதலாவது வெளிச்சப் பெட்டி. 10,000 லக்ஸ் (லக்ஸ்னா வெளிச்சத்த அளக்குற அளவு) வெளிச்சம் தர்ற லைட், காலையில எழும்பின ஒரு மணித்தியாலத்துக்குள்ள 30 நிமிசம் அதுக்கு முன்னால இருக்கணும். மகள் முதல்ல ஒன்லைன்ல மலிவா ஒன்னு வாங்கிட்டா, பெட்டியில 10,000னு போட்டிருக்கு, ஆனா அது மூக்குக்கு கிட்ட வச்சாத்தான், கொஞ்சம் தள்ளி வச்சா ஒன்னுமில்ல. தூரம் கூட கூட லக்ஸ் எறங்கிரும், அதனால எத்தன அங்குலத்துல 10,000னு பாத்து வாங்கணும், நல்லதுல 16 அங்குலத்துல இருந்து 24 அங்குலத்துக்குள்ள சொல்லியிருப்பாங்க, அல்ட்ரா வயலட்ட வடிகட்டுறதா இருக்கணும். அங்கத்த அரசாங்க ஹொஸ்பிட்டல்ல பெரும்பாலும் இத குடுக்குறதில்ல, சொந்த காசுலதான் வாங்கணும். லைட்ட நேரா பாக்கக்கூடாது, சாய்வா வச்சுட்டு அதுபாட்டுக்கு வேலைய பாக்கணும். எங்க மகள் மேசையில ஒரு பக்கமா வச்சுட்டு ரொட்டியும் சம்பலும் தின்னுக்கிட்டு, இங்க இருந்து கொண்டுபோன தேயிலைய ஊத்தி குடிச்சுக்கிட்டு, எனக்கு கோல் எடுப்பா. வீடியோவுல அவ முகத்துல ஒரு பக்கம் வெள்ளையா வெளிச்சம் விழுந்து, தேத்தண்ணி ஆவி அந்த வெளிச்சத்துல சுருண்டு சுருண்டு போறது தெரியும். அந்த அர மணித்தியாலம் இப்ப எங்க ரெண்டு பேருக்கும் சேந்த நேரம். ஆரம்பிச்சு ரெண்டு கிழமைக்குள்ள கெமரா தானா ஓன் ஆகிருச்சு.

ஆனா கேட்டவுடனே வாங்கி வச்சுக்காதீங்க. சக்கரை வியாதியால கண் பாதிச்சவங்க, விழித்திரையில வேற வருத்தம் உள்ளவங்க, வெளிச்சத்துக்கு ஒடம்ப கூச வைக்கிற மருந்து குடிக்கிறவங்க டொக்டர கேக்காம செய்யக்கூடாது. அத விட முக்கியம், மனசு ஒரு காலம் எறங்கி ஒரு காலம் அளவுக்கு மீறி ஏறுற பைபோலர் உள்ளவங்களுக்கு இந்த லைட் மனச எதிர்ப்பக்கமா தூக்கி விட்டுர ஏலும்.

ரெண்டாவது பேச்சு வைத்தியம், சிபிடினு சொல்லுறாங்க. அமெரிக்காவுல வெர்மொன்ட் பல்கலைக்கழகத்துல கெலி ரோஹன்னு ஒரு பேராசிரியை இத சேட்டுக்குனே தனியா அமைச்சு, 177 பேர வச்சு லைட்டயும் பேச்சயும் ஒப்பிட்டு பாத்தாங்க. கிழமைக்கு ரெண்டு தடவ, ஆறு கிழம. அந்த குளிர்காலத்துல ரெண்டும் ஒரே அளவு பலன் குடுத்துச்சு. ஆனா ரெண்டு குளிர்காலம் கழிச்சு பாத்தப்ப லைட் வச்சவங்கள்ல நூத்துக்கு 46 பேருக்கு திரும்ப வந்திருக்கு, பேச்சு வைத்தியம் எடுத்தவங்கள்ல 27 பேருக்குத்தான். 2016ல வந்த முடிவு அது. லைட் நிப்பாட்டுனா நின்னுரும், பேச்சுல படிச்சது கையோட இருக்குதுனு நான் வெளங்கிக்கிட்டேன். "குளிர் வந்துருச்சு, என் வாழ்க்க முடிஞ்சுருச்சு"னு மனசு சொல்லுறப்ப அத மறிச்சு, குளிர்லயும் செய்யக்கூடிய ஒரு சின்ன விசயத்த நாளுக்கு ஒன்னா வச்சுக்க பழக்குறாங்க. மகள் ஞாயித்துக்கிழமையில கோயிலுக்கு பஸ் ஏற ஆரம்பிச்சது அப்படித்தான். இங்கிலாந்துல இந்த பேச்சு வைத்தியத்துக்கு டொக்டர் கடிதம் இல்லாமலே நாமளே பேர் குடுக்கலாம், அதுக்கு காசில்ல, நம்ம புள்ளைங்க பாதி பேருக்கு இது தெரியாது.

மூணாவது மாத்திர. டிப்ரஷனுக்கு குடுக்குற மாத்திரதான், எங்க மகளுக்கும் ஒன்னு குடுத்தாங்க, வேல செய்ய சில கிழம எடுக்கும், நல்லா இருக்குனு நம்ம இஷ்டத்துக்கு திடீர்னு நிப்பாட்டக்கூடாது. வருசா வருசம் வர்றவங்களுக்கு குளிர் தொடங்க முந்தியே ஆரம்பிக்கிறதும் உண்டு, அமெரிக்காவுல புப்ரோப்பியோன்னு ஒரு மருந்த சேட் வராம தடுக்குறதுக்குனே 2006ல அனுமதிச்சிருக்காங்க. விட்டமின் டி கொறஞ்சிருந்தா அத எடுக்கிறது ஒடம்புக்கு நல்லது, ஆனா அது மட்டும் சேட்ட மாத்தும்னு உறுதியா காட்டுனது இல்ல.

காசில்லாத வைத்தியமும் ஒன்னு இருக்கு. வீட்டுக்குள்ள பல்பு வெளிச்சம் 100ல இருந்து 300 லக்ஸ்தான் வரும். வெளிய மூடாப்பு போட்ட நாள்ல கூட ஆயிரக்கணக்குல இருக்கும். அதனால பகல்ல வெயில் இல்லனாலும் வெளிய போய் நடக்கணும். மகள் அவ மெனேஜர்கிட்ட டொக்டர் கடிதத்த குடுத்து, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ராத்திரி ஷிப்ட கொறச்சுக்கிட்டா, பகல் இடைவேளையில கோட்ட போட்டுக்கிட்டு பார்க்க சுத்தி வருவா. 2024 குளிர்காலத்த ஒழுங்கா கடந்தா. 2025ல நடுவுல ரெண்டு கிழம சரியில்ல, ஆனா வேலைய விடல, போனயும் விடல.

இனி நம்ம மலைய பத்தி சொல்லணும், ஏன்னா இத வாசிக்கிறவங்க "எங்களுக்கும்தான் மழ மாசத்துல இப்படி இருக்கு"னு சொல்லுவாங்கனு எனக்கு தெரியும். மே கடைசியில மழ பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் சூரியன காணுறதே பெரிய விசயம், பதுளை ஊவா பக்கம்னா மார்கழி தை. லயத்துக் காம்பராவுல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில, பகல் பன்னெண்டு மணிக்கும் பல்பு எரியணும், அடுப்பு பொகையில பாதி வெளிச்சம் போயிரும், துணி காயாது, கொழுந்துக்கு போயிட்டு அட்டைக்கடியோட நனஞ்சு வந்து கம்பளிய ஒதறி போட்டுட்டு மூலையில குந்திக்கிட்டு ஒரு வார்த்த பேசாம இருக்குற பொம்பளைங்கள நான் எத்தனயோ பேர பாத்திருக்கேன். ஆனா இத எல்லாம் சேட்னு சொல்லிர ஏலாது. நம்ம பகல் சுருங்குறதில்ல. நம்ம சோர்வுக்கு வேற காரணம் நெறைய இருக்கு. தோட்டத்து பொம்பளைங்களுக்கு இரத்தச்சோகை அதிகம். காஞ்ச மாசத்துல கொழுந்து இல்லாம அரைப்பேர், அதாவது அர நாள் சம்பளம் விழுறப்ப வர்ற கவல கடன் கவல. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்த மீரியபெத்தையில மண்சரிவு வந்த பிறகு, மழ சத்தம் கேட்டா படுக்க ஏலாம கதவுகிட்டயே உக்காந்திருக்குற ஆள்கள் இருக்காங்க, அது சோர்வு இல்ல, அது பயம் மனசுல தங்கிப்போனது, அதுக்கு வைத்தியம் வேற. ஒவ்வொன்னையும் பிரிச்சு பாக்க டொக்டர்தான் வேணும். எங்க லயத்துல ஒரு அக்கா ஒவ்வொரு ஆடியிலயும் படுத்துக்குவா, "மழைக்கு அவளுக்கு அப்படித்தான்"னு சொல்லியே பத்து வருசம் போச்சு, கடைசியில கூட்டிட்டு போய் பாத்தா ஹீமோகுளோபின் 7, கடுமையான இரத்தச்சோகை.

டொக்டர்கிட்ட போறதுலயும் நமக்கு ஒரு கஷ்டம் இருக்கு. மனசுனு சொல்ல வாய் வராது. தல சுத்து, மேல் வலி, நெஞ்சு படபடப்புனுதான் சொல்லுவோம். ஒரு கிளினிக்குக்கு நான் அந்த அக்காவோட முதல் தடவ போனப்ப அங்க தமிழ் பேச யாரும் இல்ல, அவளுக்கு தெரிஞ்ச சிங்களத்துல மேல் வலினு மட்டும் சொல்ல தெரிஞ்சிச்சு, பெனடோலும் விட்டமினும் குடுத்து அனுப்பிட்டாங்க. அவ "எனக்கு வாழவே பிடிக்கல"னு என்கிட்ட தமிழ்ல சொல்லிக்கிட்டு வந்தது திரும்பி வர்ற பஸ்ல. மலையகத்துல மனநல கிளினிக் இருக்குற எடத்துலயெல்லாம் தமிழ் தெரிஞ்ச ஒரு தாதியாவது இருக்கணும்னு இந்த கடிதம் மூலமா சுகாதார அமைச்ச கேட்டுக்கிறேன். பெரிய கவர்மெண்ட் ஹொஸ்பிட்டல்ல மனநல கிளினிக் இருக்கு, மருந்துக்கு காசு எடுக்குறதில்ல, 1926னு தேசிய மனநல நிறுவனத்தோட நம்பர் 24 மணித்தியாலமும் இருக்கு, இத பத்து பேர்கிட்ட கேட்டா ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கானு பாத்தா இல்ல.

அம்மா அப்பாமாருக்கு ஒன்னு. நான் மகளுக்கு அந்த முதல் வருசம் சொன்ன ஒரு வார்த்தய எழுதிர்றேன். "நாங்க அட்டைக்கடியில மழையில நனஞ்சு ஒன்ன வளத்தோம், ஒனக்கு அங்க ஹீட்டர் போட்ட வீட்டுல என்ன கொற"னு கேட்டேன். அதுக்கு பிறகுதான் அவ கெமராவ மூடுனா. வருத்தத்துல கெடக்குற புள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும். இப்ப நான் அப்படி கேக்குறதில்ல, இன்னைக்கு வெளிய போனியா, எத்தன மணிக்கு எழும்பின, என்ன சாப்பிட்ட, யார்கூட கதைச்சனு சின்ன சின்னதா கேப்பேன். செத்துப்போகணும்ங்குற நெனப்பு வருதானும் நேராவே கேப்பேன், கேட்டா அந்த நெனப்ப நாம குடுத்துருவோம்னு பயப்பட தேவையில்லனு அந்த டொக்டர் சொல்லியிருக்காரு. அப்படி ஒரு பேச்சு வந்தா நாளைக்குனு தள்ளி போடக்கூடாது, இங்கிலாந்துல 111க்கு எடுத்து ரெண்ட அமத்தினா மனநல ஆள்கள் லைன்ல வருவாங்க, கனடாவுல 988, இங்க 1926. கூட தங்கியிருக்குற ஆளோட நம்பர வாங்கி வச்சுக்கங்க. எங்க மகளோட கூட இருந்த பொண்ணு மெசேஜ் போடலனா எங்களுக்கு பாதி தெரிஞ்சிருக்காது.

ஏஜென்சிக்காரங்ககிட்டயும் கேக்குறேன். எங்க மகள அனுப்புனவங்க ரெண்டு நாள் கிளாஸ் வச்சாங்க, பேங்க் கணக்கு எப்படி தொறக்குறது, எந்த கோட் வாங்குறது, எத்தன கிலோ கொண்டு போகலாம், கருவாட்ட எப்படி பொதி பண்றதுனு கூட சொன்னாங்க. இருட்ட பத்தி அர மணித்தியாலம் சொல்லியிருந்தா எங்களுக்கு ரெண்டு குளிர்காலம் மிஞ்சியிருக்கும்.

ஆசிரியர் ஐயாகிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருசமும் ஒக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழம இங்கிலாந்துல மணிய ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிறாங்க, அன்னைல இருந்து நமக்கும் அவங்களுக்கும் நாலர மணித்தியால வித்தியாசம் அஞ்சர ஆகுது, புள்ளைங்க வெளிநாட்டுல இருக்குற வீட்டுல இது எல்லாருக்கும் தெரியும், கோல் வர்ற நேரம் மாறிரும்ல. அந்த கிழம பேப்பர்ல வேலை விளம்பர பக்கத்துல ஒரு சின்ன பெட்டி போட்டு, இருட்டு மாசம் தொடங்குது, புள்ளைங்ககிட்ட கதைங்க, கலண்டர்ல எழுதி வைங்கனு அந்த மூணு நம்பரையும் சேத்து போடுங்க. நான் இந்த வருச கலண்டர்ல அந்த ஞாயித்துக்கிழமைய சிவப்பு பேனையால வட்டம் போட்டு வச்சிருக்கேன், லைட்ட அலுமாரியில இருந்து செப்டம்பர்லயே எடுத்து மேசையில வைக்க சொல்லி மகள்கிட்டயும் சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
பிள்ளைக்காம்பராவுல வேல செஞ்ச ஒரு அம்மா,
ஹட்டன்